கட்டம் சரியா இருக்கா, பாருங்க!

ஜாதகத்தில் மொத்தம் 12 கட்டம். அதை வைத்துக்கொண்டே நம் ஊர் ஜோசியர்கள் கல்யாணம், கண்டம், கோர்ட் கேஸ், வெளிநாட்டு வேலை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். நான் விற்கிற கட்டத்துக்குள் குறைந்தபட்சம் 441 பொடிக் கட்டங்கள். பெரிதாகப் போனால் 31,329. அப்படியும் என்னை யாரும் ஜோசியராக மதிப்பதில்லை. 'ஸ்டிக்கர்காரர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

விஷயம் வேறொன்றுமில்லை, க்யூஆர் கோடு. ஒரகடம் கூட்டு ரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி எனக்கு ஒரு லேபிள் கடை. இரண்டு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மிஷின், அலமாரி நிறைய ரிப்பன் ரோல். காலையில் வருகிறவர் கார் கம்பெனிக்கு உதிரிபாகம் சப்ளை செய்கிற யூனிட்காரர். சாயங்காலம் வருகிறவர் இளநீர்க் கடைக்காரர். முன்னவர் லட்சத்தில் பேசுவார், பின்னவர் நாற்பது ரூபாயில் பேசுவார். இருவருக்கும் வேண்டியது ஒன்றே: கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு சதுரம்.

"இது ஜிபேக்காகக் கண்டுபிடிச்சதுதானே சார்?" என்று இளநீர்க்காரர் ஒருநாள் கேட்டார். இல்லை. பணத்துக்கும் இதற்கும் ஆரம்பத்தில் சம்பந்தமே கிடையாது. இது பிறந்தது கார் உதிரிபாகப் பெட்டியின் மேல். அந்த வகையில் பார்த்தால் எங்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான் இதற்குப் பங்காளி வீடு.

கதை இதுதான். ஜப்பானில் டொயோட்டா கார் கம்பெனியில் 'கான்பான்' என்று ஒரு ஏற்பாடு. (கம்பன் இல்லை, கான்பான்!) உதிரிபாகங்களை மலை மாதிரி வாங்கிக் குவிக்காமல், தேவைப்படும் நேரத்துக்குத் தேவைப்படும் அளவு மட்டும் வரவழைப்பது. ஒவ்வொரு பெட்டியோடும் ஓர் அட்டை போகும். என்ன சாமான், எத்தனை, எங்கே போகணும் என்று அதில் இருக்கும். அட்டையில் பார்கோடு. அதாவது சோப்பு டப்பாவில் இருக்கும் கோடு கோடான சமாசாரம். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டிராய் என்ற ஊரில், 1974 ஜூன் 26-ம் தேதி, ஒரு ரிக்லி சூயிங்கம் பாக்கெட்டில்தான் கடை கவுண்டரில் முதன்முதலாக இந்தக் கோட்டைப் படித்தார்கள்.

சூயிங்கத்துக்குப் போதுமானது காருக்குப் போதவில்லை. பார்கோடில் சுமார் 20 எழுத்துதான் அடங்கும். அதனால் ஒரு பெட்டியில் பத்து பார்கோடுகள்கூட ஒட்டவேண்டி வந்தது. தொழிலாளி பத்தையும் ஒவ்வொன்றாகப் படிக்கணும். ஒரு நாளைக்கு ஒரு ஆள் ஆயிரம் முறை ஸ்கேனரை நீட்டி மடக்கினால் மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும்? 'இதுக்கு ஒரு வழி பண்ணுங்க' என்று கேட்டது தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள்தான்.

வழி பண்ணியவர் மசாஹிரோ ஹரா. டொயோட்டா குழுமத்து உதிரிபாகக் கம்பெனியான டென்சோவில் எஞ்சினீயர். ஜப்பானியர்கள் கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் வைத்து 'கோ' என்று ஒரு விளையாட்டு ஆடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஹரா அதை ஆடும்போதுதான் பொறி தட்டியதாம். கோடு ஒரு பக்கம்தான் பேசும். கட்டம் என்றால் குறுக்கிலும் பேசும், நெடுக்கிலும் பேசும்! (நம் ஆட்களும்தான் சாப்பாட்டு இடைவேளையில் ஆடுபுலி ஆட்டத்திலிருந்து ரம்மி வரை ஆடுகிறார்கள். பொறி தட்டுவதற்குள் சைரன் அடித்துவிடுகிறது.)

சதுரத்தின் மூன்று மூலையிலும் டிவி பெட்டி மாதிரி ஒரு கட்டம் இருக்கும், கவனித்திருப்பீர்கள். 'இங்கேதான் இருக்கிறேன், இப்படித்தான் படுத்திருக்கிறேன்' என்று ஸ்கேனருக்குச் சொல்வது அதுதான். தலைகீழாகப் பிடித்தாலும் படிப்பது இதனால்தான். அந்தக் கட்டத்தைக் குறுக்கே வெட்டினால் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற கணக்கில் வரும். இந்தக் கணக்கைப் பிடிக்க ஹராவும் அவருடைய சகாவும் பத்திரிகை, விளம்பர நோட்டீஸ், அட்டைப்பெட்டி என்று அச்சடித்த காகிதங்களாகத் தேடித் தேடி அளந்தார்கள். அச்சில் மிக அபூர்வமாக வரும் விகிதம் எதுவோ அதை எடுத்துக்கொண்டார்கள். அப்போதுதானே பக்கத்திலிருக்கும் எழுத்தைப் பார்த்து ஸ்கேனர் ஏமாறாது! ஒன்றரை வருஷ உழைப்பு. 1994-ல் கட்டம் வெளியே வந்தது. எண்ணாக இருந்தால் 7,089 வரை ஒரே சதுரத்தில் அடங்கும்.

டென்சோ அதற்குப் பேடன்ட் வாங்கியது. ஆனால் 'யார் வேண்டுமானாலும் உபயோகித்துக்கொள்ளுங்கள், காசு கேட்கமாட்டோம்' என்று சொல்லிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு இது புதுசாகத் தோன்றாது. எங்கள் ஊரில் பிறந்த ராமானுஜர், குருவிடம் ரகசியமாகப் பெற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே உரக்கச் சொன்னார் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். டென்சோ மட்டும் ரகசியத்தை மூடி வைத்திருந்தால், இளநீர்க்காரர் ஒவ்வொரு காய்க்கும் ஜப்பானுக்குக் கப்பம் கட்டவேண்டியிருக்கும்.

தொழிற்சாலைக்குள் இருந்த கட்டம் டீக்கடைக்கு எப்படி வந்தது? யுபிஐ 2016 ஏப்ரலில் தொடங்கியது. அந்த வருஷம் நவம்பர் 8-ம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போனது யாருக்கு மறக்கும்? 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ பணத்துக்குக் கடைக்காரர் கமிஷன் தரவேண்டாம் என்றும் ஆனது. அப்புறம் என்ன, கொரோனா சமயத்தில் நோட்டைத் தொடவே பயந்த ஜனங்கள் சதுரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையிலேயே மொய்க்கு க்யூஆர் கோடு அச்சடித்துவிட்டார்கள். 'மறந்துட்டேன், அப்புறம் தர்றேன்' என்று நழுவும் சொந்தக்காரர்களுக்கு அன்றோடு மங்களம்!

இனி தொழில் விஷயத்துக்கு வருகிறேன். இதெல்லாம் தெரிந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது, என்னைப் போன்ற ஸ்டிக்கர்காரர் உட்பட.

முதலில், கட்டம் என்பது வெறும் எழுத்து. அவ்வளவுதான். நீங்கள் எழுதிக் கொடுப்பதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி வைத்திருக்கிறது. எழுத்து கூடக் கூடக் கட்டம் பொடிசாகும். இதில் தமிழுக்கு ஒரு சங்கடம். 'ஸ்ரீபெரும்புதூர்' என்று இங்கிலீஷில் எழுதினால் கம்ப்யூட்டர் கணக்கில் 13 இடம். தமிழில் எழுதினால் 48 இடம்! சுழி, கொம்பு, புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மூன்று மூன்று இடம் கேட்கும். அதற்காகத் தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை. ஸ்டிக்கரைக் கொஞ்சம் பெரிதாக அடியுங்கள், தீர்ந்தது.

எவ்வளவு பெரிது? படிக்கிற தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தள்ளி நின்று படிக்கணும் என்றால் 10 சென்டிமீட்டர் சதுரம். நாலு பக்கமும் வெள்ளை ஓரம் விடணும், பொடிக் கட்டம் நாலின் அகலத்துக்கு. 'இடம் வீணாகுதே' என்று அந்த ஓரத்திலும் போன் நம்பர் போடச் சொல்லும் வாடிக்கையாளர்கள் எனக்கு நிறைய உண்டு.

அடுத்து, 'நடுவுல முருகர் படம் போடுங்க'. வல்லக்கோட்டை முருகன் பக்கத்திலேயே இருக்கிறார், கேட்காமல் இருப்பார்களா? போடலாம். கட்டத்தில் கொஞ்சம் அழிந்தாலும் படிக்கும்படி ஏற்பாடு இருக்கிறது. 1960-ல் ரீட், சாலமன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கண்டுபிடித்த கணக்கு அது. மொய் நோட்டில் ஒரு வரியை எலி கடித்துவிட்டால், மொத்தக் கூட்டலை வைத்து விட்டுப்போன தொகையைக் கண்டுபிடிக்கிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இதில் நாலு தரம் உண்டு: 7, 15, 25, 30 சதவீதம் வரை சேதம் தாங்கும். ஆக, முருகர் சின்னதாக நடுவில் இருக்கலாம். வள்ளி, தெய்வானை, மயில், சேவல் சகிதமாக வந்தால் கட்டம் தாங்காது.

சேதம் தாங்கும் என்பதற்காக அலட்சியமாக இருக்கவும் முடியாது. ஒரு சின்ன யூனிட் முதலாளி. செலவைக் குறைக்கிறேன் என்று வேறு எங்கோ மலிவான மெழுகு ரிப்பனில் லேபிள் அடித்து, எண்ணெய்ப் பிசுக்கு உள்ள பெட்டிகளில் ஒட்டிவிட்டார். பெட்டி உரசியதில் கட்டமெல்லாம் கண்மை கலைந்த மாதிரி ஆகிவிட்டது. கம்பெனியில் ஸ்கேனர் படிக்கவில்லை. சாமான் தங்கமாக இருந்தும் லோடு திரும்பி வந்தது. இங்கே உதிரிபாகம் தேதி பார்த்து வருவதில்லை, மணி பார்த்து வருகிறது. ஒரு லாரி திரும்பினால் அந்த யூனிட்டில் வேலை செய்கிற முப்பது பேரின் சம்பள நாளும் சேர்ந்து ஆடும்.

"மூணு மாசமாவே எனக்குக் கட்டம் சரியில்ல சார். பரிகாரம் பண்ணணும்" என்றார் என்னிடம் வந்து.

"பரிகாரம் ரொம்ப சிம்பிள் சார். பாலியஸ்டர் லேபிள், ரெசின் ரிப்பன்" என்றேன். எண்ணெய்க்கும் சூட்டுக்கும் அதுதான் தாங்கும். அதற்கப்புறம் அவருடைய லோடு திரும்பவில்லை. பரிகாரத்தையும் அவர் விடவில்லை. புகழ் முருகனுக்குப் போனது, ரிப்பன் பில் எனக்கு வந்தது.

இன்னொருவர் கேஸ் வேறு மாதிரி. இன்டர்நெட்டில் 'இலவசம்' என்று பார்த்து அவரே கட்டம் தயார் பண்ணி, ஐயாயிரம் நோட்டீஸில் அச்சடித்துவிட்டார். இரண்டு வாரம் நன்றாக வேலை செய்தது. மூன்றாம் வாரம், 'உங்கள் இலவசக் காலம் முடிந்தது, சந்தா கட்டவும்' என்று வருகிறது! கட்டத்தில் இரண்டு ஜாதி. ஒன்றில் உங்கள் விவரமே நேரடியாக இருக்கும். அதற்கு ஆயுசு முடியவே முடியாது. இன்னொன்றில், வேறொருவர் வீட்டு விலாசம் இருக்கும். ஜனங்கள் அங்கே போய், அவர் வழி காட்டினால்தான் உங்களிடம் வருவார்கள். விலாசத்தை அடிக்கடி மாற்ற அது சௌகரியம். ஆனால் வாடகை நிறுத்தினால் வழி அடைபடும். அச்சுக்குப் போகும் முன்பு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்னது கட்டம் படிக்காமல் போனால் வரும் கஷ்டம். கட்டம் நன்றாகப் படித்து, அதனால் வந்த கஷ்டத்தை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை நடத்துகிற அக்கா. புருஷன் இல்லை. பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். ஷிப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் பத்து நிமிஷத்தில் எண்பது டீ ஊற்றணும். அந்த அவசரத்தில் சில்லறை எண்ணவே நேரம் கிடையாது. 'பத்து ரூபாய் பெறப்பட்டது' என்று கத்தும் சவுண்ட் பாக்ஸ்தான் அவருக்குக் கண், காது, கணக்குப்பிள்ளை எல்லாம். அது ஒருநாள் சார்ஜ் ஏறாமல் படுத்துவிட்டது. மாற்றுப் பெட்டி வரும்வரை, வருகிறவர்கள் போனில் பச்சை டிக்கைக் காட்டிவிட்டுப் போனார்கள். அக்காவும் தலையை ஆட்டிக்கொண்டே டீ ஆற்றினார்.

இரண்டாம் நாள் ராத்திரி பையன் பாங்க் கணக்கைப் பார்க்கிறான். ஒரு ரூபாய் ஏறவில்லை.

மறுநாள் காலையில் எனக்கு ஆள் வந்தது. "நீங்க அடிச்சுக் குடுத்த கட்டம் கெட்டுப் போச்சாம், அக்கா கூப்புடுறாங்க." போய்ப் பார்த்தேன். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நான் கொடுத்தது பளபளப்பில்லாத லேமினேஷன். இது பளபளவென்று இருக்கிறது. ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினேன். மேலே ஒரு ஸ்டிக்கர் முழுசாக உரிந்து வந்தது. அடியில் என் ஸ்டிக்கர் பத்திரமாக இருந்தது, பால் பொங்கி வழிந்த கறை உட்பட.

யாரோ ஒரு மகானுபாவன், அதே அளவில், அதே கலரில், தன் கணக்கின் கட்டத்தை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு நாள் வசூல், நாலாயிரத்துச் சொச்சம், ஒழுங்காக அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கொடுத்தவர்கள் யாரும் ஏமாற்றவில்லை. வாங்கியவரும் ஏமாளி இல்லை. கட்டமும் தன் வேலையைத் தப்பில்லாமல் செய்தது.

"பத்து ரூவா டீயில எனக்கு நிக்கிறதே ரெண்டோ மூணோதான் தம்பி. பாலுக்குக் குடுக்க வேண்டியத அவன் எடுத்துட்டுப் போய்ட்டானே" என்றார் அக்கா. அழவில்லை. அடுப்பில் பால் இருந்தது. பையன் அங்கேயே 1930-க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்தான். பண மோசடிக்கென்று உள்ள சைபர் கிரைம் எண் அது, நாடு முழுக்க ஒன்றுதான். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைப் பாதி வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. இவர்கள் விஷயத்தில் இரண்டு நாள் ஆகிவிட்டதே. புகார் எண் வந்தது. பணம் வரவில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். நோட்டில் காந்தி இருக்கிறார், நம்பர் இருக்கிறது, வெள்ளிக் கோடு இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார். கட்டத்தை எந்த மேதையாலும் வெறும் கண்ணால் படிக்க முடியாது. ஜப்பானில் அது மிஷின் படிப்பதற்காகப் பிறந்தது. தொழிற்சாலைக்குள் பெட்டியில் தப்பான லேபிள் இருந்தால் 'இது வேற சாமான்' என்று கம்ப்யூட்டர் தடுத்துவிடும், ஏனென்றால் எது வரணும் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும். ஜிஎஸ்டி மின் ரசீதில் இருக்கும் கட்டத்தில்கூட டிஜிட்டல் கையெழுத்து உண்டு, போலியை உடனே பிடித்துவிடலாம். டீக்கடைத் தூணில் ஒட்டிய கட்டத்துக்கு அந்தக் காவல் ஒன்றும் கிடையாது. யார் ஒட்டினார்களோ அவர்களுக்கு விசுவாசமாக இருக்கும். அங்கே காவல் காக்கவேண்டியது மனுஷன்தான்.

காவல் என்றால் பெரிய வித்தை இல்லை. ஸ்கேன் பண்ணியதும், தொகை போடும் முன்பு, திரையில் ஒரு பெயர் வரும். அதைப் படிப்பது. முன்பு சில ஆப்களில் கட்டத்திலேயே எழுதி வைத்த பெயர் வரும். திருடன் 'முருகன் டீ ஸ்டால்' என்று எழுதிவிட்டால் நமக்கு அதுதான் தெரியும். இதற்கும் ஒரு முடிவு கட்டினார்கள். 2025 ஜூன் 30-க்குள் எல்லா யுபிஐ ஆப்களும் பாங்க் கணக்கில் பதிவான பெயரை மட்டுமே காட்டணும் என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் உத்தரவு போட்டது. ஆகவே திரையில் வருவது பாங்கில் உள்ள பெயர். படிக்கத்தான் ஆள் வேண்டும்.

அக்காவுக்குப் புதுக் கட்டம் அடித்துக் கொடுத்தேன். இந்தத் தடவை அக்ரிலிக் சட்டத்துக்குள் வைத்து, கல்லாவுக்கு உள்பக்கமாக, கை எட்டாத இடத்தில் மாட்டினோம். கட்டத்துக்கு மேலே அவர் பெயரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் இந்தியிலும், பாங்க் புத்தகத்தில் உள்ளபடியே, கட்டை விரல் தண்டிக்கு அடித்திருக்கிறேன். தினமும் கடை திறந்ததும் பையன் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கிறான். ஊதுபத்தி மாதிரி அதுவும் ஒரு சாங்கியம்.

அதைவிட முக்கியம், அக்கா இப்போது ஒவ்வொருவரையும் கேட்கிறார்: "பேரு என்ன வருது தம்பி?" கேட்டுக்கு வெளியே நிற்கும் பையன்களில் பாதிப்பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். அவர்களுக்காக இந்தியும் கற்றுக்கொண்டுவிட்டார். "நாம் க்யா ஆத்தா?" இந்திக்காரர்கள் 'ஆதா' என்பார்கள், நம் அக்கா 'ஆத்தா' என்கிறார். அந்தப் பையன்களும் சிரித்துக்கொண்டே அவர் பெயரைச் சத்தமாக வாசிக்கிறார்கள். ஒரு ஷிப்டுக்கு எண்பது தடவை தன் பெயரை ஊரார் வாயால் கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'உங்க பழைய வண்டியை வாங்கிக்கிறேன், பணம் அனுப்ப ஒரு கட்டம் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க' என்று ஒருவன் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்குக் கட்டமும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் போகத்தான் செய்யும், வராது.

ஜோசியர்கூட, கட்டத்தை விரித்து வைத்ததும் முதலில் "பேரு என்ன, நட்சத்திரம் என்ன?" என்றுதான் கேட்கிறார். நட்சத்திரத்தை விட்டுத்தள்ளுங்கள். பெயரையாவது பார்த்துவிட்டு பட்டனை அழுத்துங்கள்!